டக்கா, கிரீச்சா, லொடலொடவா? சைக்கிள் கோளாறை ஓசை பிடித்துக் கண்டுபிடிப்பது

"சைக்கிள்ல ஏதோ சத்தம் வருதுடா" என்று செய்தி வந்தால் நான் அனுப்பும் முதல் பதில் எப்போதும் ஒன்றுதான்: "என்ன சத்தம்? வாயால செஞ்சு காட்டு." குரல்பதிவில் டக் டக் என்று நாக்கைச் சொடுக்கி அனுப்புவார்கள், கிரீச் என்று கத்தி அனுப்புவார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பாதிக் கோளாறு அதிலேயே பிடிபட்டுவிடும். நறநற என்றால் பால்ரஸுக்குள் (சுழலும் இடங்களில் இருக்கும் சின்ன இரும்புக் குண்டுகள்) மண். லொடலொட என்றால் எங்கோ ஒரு நட்டு தளர்ந்திருக்கிறது. கிரீச் என்றால் எண்ணெய் காய்ந்த இடம், இல்லாவிட்டால் பிரேக். டக் வந்தால் மட்டும் கொஞ்சம் எண்ண வேண்டியிருக்கும்.

வாரக் கடைசியில் சேர்ந்து ஓட்டுகிற எங்கள் கூட்டத்தில் ரிப்பேர் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் விழுந்துவிட்டது. உண்மையில் நான் செய்வது பெரும்பாலும் இந்த எண்ணுகிற வேலைதான். அதை அப்படியே எழுதி வைக்கிறேன். உங்கள் சைக்கிள் என்ன செய்கிறது என்று பார்த்து அந்தப் பகுதிக்குப் போய்க்கொள்ளுங்கள். முதல் பகுதியை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.

ஸ்பேனரைத் தொடும் முன்

ஆளில்லாத சமதரையில் ஓட்டிக்கொண்டே நான்கு சோதனைகள்.

1. மிதிப்பதை நிறுத்திச் சும்மா உருளவிடுங்கள். சத்தம் நின்றுவிட்டால் பெடல், கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை), செயின் பக்கம் தேட வேண்டும். தொடர்ந்தால் சக்கரம், டயர், மட்கார்டு பக்கம். ஃப்ரீவீலின் (பின்சக்கரத்துப் பல்சக்கரம்) 'டிக்டிக்' மட்டும் உருளும்போதுதான் கேட்கும், அது கோளாறு இல்லை.

2. எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் போய்விட்டால் சீட்டிலோ சீட் கம்பத்திலோதான் இருக்கிறது.

3. உட்கார்ந்தபடி ஹேண்டிலை மட்டும் அழுத்தி, விட்டு, அழுத்திப் பாருங்கள். அப்போது சத்தம் வந்தால் ஹேண்டில் பக்கம் தேட வேண்டும்.

4. பெடல் ஒரு சுற்று வருவதற்குள் சத்தம் எத்தனை முறை கேட்கிறது என்று எண்ணுங்கள்.

இந்த நான்காவதுதான் முக்கியம். முன்னால் 44 பல் செயின் வீல், பின்னால் 18 பல் ஃப்ரீவீல் உள்ள சாதாரண சைக்கிளை எடுத்துக்கொள்வோம். 44-ஐ 18-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.4. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் அத்தனை சுற்று சுற்றும். செயினில் 100 கண்ணி இருந்தால், ஒரு கண்ணி சுற்றிவிட்டுப் பழைய இடத்துக்கு வருவதற்குள் பெடல் ஏறக்குறைய 2.3 சுற்று போயிருக்கும். ஆகவே பெடல் சுற்றுக்குச் சரியாக ஒருமுறை, அதுவும் கால் அதே இடத்தில் இருக்கும்போது சத்தம் வந்தால் அது பெடலோ கிராங்கோ. இரண்டு சுற்றுக்கு ஐந்து முறை போல வேகமாக வந்தால் சக்கரம். இரண்டு சுற்றுக்கு மேல் ஆன பிறகு ஒருமுறை, அதுவும் ஒவ்வொரு தடவையும் கால் வேறு வேறு இடத்தில் இருக்கும்போது வந்தால் செயினில் ஒரு கண்ணி மடங்க மறுக்கிறது. கியர் சைக்கிளில் எண்கள் மாறும், கணக்கு இதேதான். உங்கள் சைக்கிளின் பல்லை ஒருமுறை எண்ணி எங்காவது குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

"மிதிச்சா டக், டக்"

எங்களை அதிகம் அலையவைத்த சத்தம் இது. ஒரு நண்பனின் சைக்கிளில் வலது கால் கீழே போகும்போதெல்லாம் ஒரு டக். பெடலைக் கழற்றி கிரீஸ் வைத்தோம். போகவில்லை. கிராங்க் போல்ட்டை இறுக்கினோம். போகவில்லை. கிராங்குகளின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டையே பிரித்துப் பால்ரஸைக் கழுவி, காயவைத்து, திரும்ப அடுக்கினோம். ஒரு முழுச் சாயங்காலம் போயிற்று. மறுநாள் அவன் செருப்பு போட்டுக்கொண்டு வந்தான், சத்தம் இல்லை. ஷூ லேஸ் நுனியில் இருக்கும் கெட்டியான பிளாஸ்டிக் குழாய், ஒவ்வொரு சுற்றிலும் கிராங்கில் போய்த் தட்டியிருக்கிறது. அன்றிலிருந்து டக் என்று யார் சொன்னாலும் நான் முதலில் லேஸைத்தான் பார்க்கிறேன். அடுத்து, கியர் கேபிளின் வெளியே நீட்டிய நுனி காலில் படுகிறதா, பாட்டில் மாட்டும் கம்பியின் திருகு தளர்ந்திருக்கிறதா, பையின் ஜிப் ஆடுகிறதா என்று பார்ப்பேன். செலவில்லாத இடங்களை முதலில் தீர்த்துவிட வேண்டும்.

அதெல்லாம் இல்லை என்றால் சைக்கிளைச் சுவரில் சாய்த்து, இரண்டு கிராங்கையும் கைக்கொன்றாகப் பிடித்து எதிரெதிராக ஆட்டுங்கள். ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கிராங்க் தளர்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தே பக்கவாட்டில் ஆடினால் உள்ளே இருக்கும் பாட்டம் பிராக்கெட்டில் இடைவெளி விழுந்திருக்கிறது.

பழைய பாணி சைக்கிளில் கிராங்கைப் பிடித்திருப்பது கோட்டர் பின். ஆப்பு மாதிரி ஒருபக்கம் சரிவாகச் சீவப்பட்ட ஊசி அது. இதில் பலர் செய்யும் தவறு, நட்டை இறுக்கினால் பின் உள்ளே ஏறிவிடும் என்று நினைப்பது. ஏறாது, மரைதான் போகும். கிராங்குக்கு அடியில் ஒரு கெட்டியான இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, பின்னின் தலையில் சுத்தியலால் இரண்டு மூன்று அடி போட்டு ஆப்பை உள்ளே இறக்க வேண்டும். அது ஏறி நின்ற பிறகு நட்டு வெறும் காவலுக்குத்தான். முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அந்த அடி பாட்டம் பிராக்கெட் பால்ரஸில் போய் விழும். இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும் என்பதும் முக்கியம். ஒரே திசையில் போட்டுவிட்டால் இரண்டு பெடலும் நேர்க்கோட்டில் நிற்காது, ஒரு கால் நொண்டுகிற மாதிரி இருக்கும்.

சதுர அச்சுள்ள கிராங்கில் பின் கிடையாது, ஒரு போல்ட்தான். இது தளர்ந்த நிலையிலேயே பல நாள் ஓட்டிவிட்டால் அலுமினியக் கிராங்கின் சதுர ஓட்டை உருண்டையாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் சில கிலோமீட்டரில் திரும்பத் தளரும். அந்தக் கிராங்கோடு போராட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

பெடலைக் கழற்றும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். இடது பெடலுக்கு மரை தலைகீழ். ஏன் அப்படி என்றால், மிதிக்கிற பாரம் பெடல் அச்சைச் சுற்றிச் சுற்றி அழுத்தும்போது அச்சு மெல்ல மெல்ல மறுபக்கமாகத் திரும்பப் பார்க்கும். வலது மரையே இரண்டு பக்கமும் இருந்தால் இடது பெடல் ஓட்ட ஓட்டத் தானாகக் கழன்றுவிடும். எந்தப் பக்கம் எப்படித் திருப்புவது என்று குழம்பாமல் இருக்க எளிய வழி: ஸ்பேனரை மாட்டி அதன் கைப்பிடியை மேல்நோக்கி நிறுத்துங்கள். பின்சக்கரப் பக்கம் தள்ளினால் கழலும், முன்சக்கரப் பக்கம் தள்ளினால் இறுகும். இரண்டு பெடலுக்கும் இதே விதி. பெரும்பாலான பெடலுக்கு 15 மில்லிமீட்டர் ஸ்பேனர். திரும்ப மாட்டும்போது விரலாலேயே நான்கைந்து சுற்று போக வேண்டும். போகவில்லை என்றால் கோணல். நான் ஒருமுறை இடது பெடலை வலதில் வைத்து, ஏறமாட்டேன் என்கிறதே என்று ஸ்பேனரின் மேல் காலால் மிதித்தவன். அந்தக் கிராங்குக்கு மரை கழன்றது. கூட்டத்தில் அன்றிலிருந்து மரை கழன்றவன் என்ற பட்டம் எனக்கும் நிலைத்துவிட்டது.

எண்ணிப் பார்த்ததில் செயின் கண்ணி என்று தெரிந்தால் சைக்கிளைக் கவிழ்த்து, பெடலை மெல்லப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே செயின் ஃப்ரீவீலை விட்டு வெளியேறும் இடத்தைப் பாருங்கள். எல்லாக் கண்ணியும் வளைந்து வெளியேறும்போது ஒன்று மட்டும் விறைப்பாக நிமிர்ந்து துள்ளும். அந்த இடத்தில் எண்ணெய் விட்டு, இரண்டு கையாலும் பக்கவாட்டில் மெல்ல வளைத்து வளைத்து விட்டால் பெரும்பாலும் இளகிவிடும். சுற்றும்போது விரலைச் செயினுக்கும் பல்லுக்கும் அருகில் கொண்டுபோகாதீர்கள். மெதுவாகத்தானே சுற்றுகிறது என்று துணியோடு விரலைக் கொடுத்து நகத்தை இழந்தவர்கள் உண்டு.

"அழுத்தி மிதிச்சா செயின் நழுவுது"

மேட்டில் எழுந்து மிதிக்கும்போது கால் திடீரென்று வெறுமையாகக் கீழே விழும். ஆபத்தானது, தள்ளிப்போட வேண்டாம்.

ஒரு ஸ்கேல் போதும். செயினின் ஒரு பின் நடுவிலிருந்து அடுத்த பின் நடுவுக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். புதுச் செயினில் 24 இடைவெளி சரியாக 12 அங்குலம் வரும். உங்கள் செயினில் அது ஒரு அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு, ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர், கூடுதலாக இருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு, அதாவது மூன்று மில்லிமீட்டர் கூடியிருந்தால் பற்களையும் அது தின்றிருக்கும். அப்போது செயினை மட்டும் புதிதாகப் போட்டால் முன்பைவிட அதிகமாக நழுவும். "புதுச் செயின் மோசம்" என்று அதைத் திட்டுவார்கள், குற்றம் தேய்ந்துபோன பழைய பல்லுடையது.

அளவு சரியாக இருந்து, ஒற்றை கியரும் என்றால், செயின் தொய்வைப் பாருங்கள். மேல்பக்கச் செயினை நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் அரை அங்குலம் ஆட வேண்டும். பெடலைச் சுற்றச் சுற்ற ஓரிடத்தில் இறுக்கமாகவும் ஓரிடத்தில் தொளதொளவென்றும் இருக்கும். செயின் வீல் எதுவும் முழு வட்டம் இல்லை. மிக இறுக்கமான இடத்தில் வைத்துத்தான் அந்த அரை அங்குலத்தை அளக்க வேண்டும். பின்சக்கர நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, ரிம் இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு, வலது நட்டை முதலில் பிடித்து, பிறகு இடது, பிறகு இரண்டையும் மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

செயினில் பூட்டு கிளிப் இருந்தால் அதன் மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது தட்டி கிளிப் பறந்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. செயினுக்கு எண்ணெய் தேவைப்படுவது உள்ளே, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு. விட்டுவிட்டு ஒரு நிமிடம் பின்னுக்குச் சுற்றி, துணியால் வெளிப்பக்கத்தைக் காய்ந்ததுபோலத் துடைத்துவிட வேண்டும். வெளியே பளபளவென்று எண்ணெய் வடிந்தால் அது மண்ணைப் பிடித்து வைக்கும் பசை. மண்ணெண்ணெயில் கழுவினால் அழுக்கோடு உள்ளிருக்கும் எண்ணெயும் போய்விடும், முழுக்கக் காயவைத்துத் திரும்ப விட வேண்டும்.

"ராத்திரி அடிச்ச காத்து காலையில இல்ல"

டயரைக் கழற்றாதீர்கள். வால்வை முதலில் பாருங்கள்.

விரல் நுனியில் எச்சிலைத் தொட்டு வால்வின் வாயில் ஒரு திரையாகப் பூசுங்கள். மூச்சுவிடாமல் பத்து வரை எண்ணுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு கசிவாக இருந்தால்கூட அந்த எச்சில் திரை மெல்ல உப்பி, ஒரு சின்ன முட்டையாகி, உடையும். உப்பினால் குற்றம் வால்வில். பழைய பாணி வால்வாக இருந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர்க் குழாய், நாம் வால் டியூப் என்று சொல்வது, வெடித்துப் போயிருக்கும். அதை உருவிவிட்டு, புதுத் துண்டை நனைத்து, ஊசியின் பக்கவாட்டு ஓட்டை முழுக்க மூடி அதற்கு மேலும் ஏறும்படி மாட்டினால் முடிந்தது. மோட்டார் வண்டியில் இருப்பதுபோன்ற தடித்த வால்வு என்றால் உள்ளே இருக்கும் ஊசியைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். ஒல்லியான நீள வால்வில் நுனியில் ஒரு குட்டித் திருகு இருக்கும். காற்றடிக்கும் முன் அதைத் திறக்க வேண்டும், அடித்த பின் மூட வேண்டும். மூட மறந்துவிட்டு பஞ்சர் என்று நள்ளிரவில் கூப்பிட்டவர்கள் எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர்.

எச்சில் அசையவில்லை என்றால் டியூபை எடுக்க வேண்டியதுதான். எடுக்கும் முன் வால்வு இருக்கும் இடத்தில் டயரின் மேல் ஒரு சாக்பீஸ் கோடு, டியூபில் எந்தப் பக்கம் வலது என்று ஒரு அம்புக்குறி. ஓட்டையைக் கண்டுபிடித்ததும் டியூபைப் பழையபடி டயரின் மேல் வைத்துப் பார்த்தால் முள் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஓட்டையை ஒட்டிவிட்டு முள்ளை டயரிலேயே விட்டுவிட்டு மறுபடி பஞ்சர் ஆவது நம் எல்லோருக்கும் நடந்ததுதான். டயரின் உட்புறத்தை விரலால் தடவுவதைவிட ஒரு துண்டுப் பஞ்சால் தடவுங்கள். முள் நுனி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பஞ்சு அதில் சிக்கி நூலாக நிற்கும், விரலும் தப்பிக்கும்.

ஓட்டை எந்த மாதிரி இருக்கிறது என்பதும் ஒரு தகவல்தான்.

வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை: முள், கண்ணாடி, கம்பித் துணுக்கு.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல், பாம்பு கடித்ததுபோல: காற்று குறைவாக இருந்து பள்ளத்தில் இறங்கியபோது ரிம்மின் இரண்டு விளிம்பும் டியூபை நசுக்கியிருக்கின்றன. முள் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அழுத்தத்தைப் பார்த்து காற்று அடியுங்கள்.

உள்பக்கம், அதாவது ரிம்மைப் பார்த்த பக்கம்: ரிம் டேப் விலகி ஸ்போக்ஸ் முனை குத்தியிருக்கிறது. முனை நீட்டியிருந்தால் அரத்தால் தேய்த்து, டேப்பை நேராக்குங்கள்.

வால்வின் அடியில் கிழிசல்: காற்றில்லாமல் ஓட்டியதால் டயர் ரிம்மின் மேல் நகர்ந்து வால்வை இழுத்திருக்கிறது. இந்த இடத்தில் ஒட்டு நிற்காது, டியூபை மாற்றுங்கள்.

ஒட்டும்போது அவசரம்தான் எதிரி. ஒட்டுத் துண்டைவிட அகலமாக உப்புத்தாளால் தேயுங்கள். டியூபின் பளபளப்பு போய் மங்கலாக வேண்டும், நடுவில் தடித்த கோடு ஓடினால் அது மட்டமாக வேண்டும். சொல்யூஷனை மெல்லிசாகப் பூசி அப்படியே வைத்துவிடுங்கள். ஐந்து நிமிடம். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால்தான் பிடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள், நேர்மாறு. மினுமினுப்பு அடங்கி, விரலின் பின்புறத்தால் தொட்டால் லேசாக ஒட்டுகிற பதம் வந்ததும் துண்டை வைத்து நடுவிலிருந்து விளிம்பு நோக்கி அழுத்துங்கள். மேலே கொஞ்சம் பவுடர் தூவினால் டியூப் டயரோடு ஒட்டிக்கொள்ளாது. டயரைத் திரும்ப ஏற்றும்போது டியூபில் உருண்டை பிடிக்கிற அளவு மட்டும் காற்று இருக்கட்டும், வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள், கடைசி இழுப்புக்குக் கட்டை விரலையே நம்புங்கள். நெம்புகோலால் ஏற்றினால் புது ஒட்டுக்குப் பக்கத்திலேயே புது ஓட்டை.

ஒரு வாரத்தில் கொஞ்சம் காற்று குறைந்தால் அது கோளாறு இல்லை. ரப்பர் வழியாகக் காற்று மெல்லக் கசியத்தான் செய்யும், ஒல்லி டயரில் அது சீக்கிரம் தெரியும்.

"பிரேக் பிடிச்சா ஊரே திரும்பிப் பாக்குது"

பிரேக் கட்டை ரிம்மில் படும்போது அதிர்வதால் வரும் கிரீச். முதலில் ரிம்மை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். கட்டையின் முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் உப்புத்தாளில் நாலு இழுப்பு. அதில் உலோகத் துணுக்கு பதிந்திருந்தால் ஊசியால் நெம்பி எடுங்கள், விட்டால் ரிம்மை அது உழுதுவிடும். அப்படியும் கத்தினால் கட்டையின் முன்பக்கம் ஒரு மில்லிமீட்டர் முந்திப் படும்படி சாய்க்க வேண்டும். கட்டையின் நட்டைத் தளர்த்தி, பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒரு மடித்த அட்டையைச் செருகி, பிரேக்கைப் பிடித்தபடியே நட்டை இறுக்கி, அட்டையை உருவினால் சாய்வு தானாக அமைந்துவிடும். கட்டை டயரைத் தொடக்கூடாது, ரிம்முக்குக் கீழே நழுவவும் கூடாது.

பிடிக்கவே இல்லை என்றால் லிவரை விட்டதும் அது சட்டென்று திரும்புகிறதா என்று பாருங்கள். சோம்பலாகத் திரும்பினால் கேபிளுக்குள் துரு. எண்ணெய் விட்டுப் பார்க்கலாம், ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் பாதிகூடப் பிடிக்காது. அதற்கு ரிப்பேர் கிடையாது, முன்கூட்டியே பிடித்து நீரைத் துடைத்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

டிஸ்க் பிரேக்கில் தட்டை விரலால் தொடாமல் இருப்பதே பாதி பராமரிப்பு. செயினுக்கு அடித்த எண்ணெய் தெறித்தால் கத்தலும் வழுக்கலும் சேர்ந்து வரும். ஓட்டும்போது ஸ்ஸ்ஸ் என்று உரசினால் தட்டைக் கவ்வும் காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லிவரை அழுத்திப் பிடித்தபடி இறுக்குங்கள். திரவ பிரேக்கில் லிவர் பஞ்சாக இருந்து, நாலு முறை அழுத்தியதும் கெட்டியானால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது அந்த லிவரை அழுத்தாதீர்கள், பிஸ்டன் வெளியே வந்து நின்றுகொள்ளும்.

"சக்கரம் நடனம் ஆடுது"

இதில் இரண்டு கோளாறு ஒரே மாதிரி தெரியும். ரிம்மைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். நடுவில் லொடக்கென்றால் ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) கோன், அதாவது அச்சில் பால்ரஸை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டு, தளர்ந்திருக்கிறது. ஆட்டம் இல்லாமல், சுற்றிவிடும்போது மட்டும் நெளிந்தால் ரிம்மில் கோட்டம்.

கோனை மெல்லிய கோன் ஸ்பேனரால்தான் திருப்ப முடியும். இறுக்கிவிட்டு அச்சை விரலால் உருட்டிப் பாருங்கள். நறநறவென்றால் அதிக இறுக்கம், அல்லது மண். பிரித்தால் பால்ரஸை எண்ணிக்கொள்ளுங்கள். பெரும்பாலான முன்ஹப்பில் பக்கத்துக்கு 10, பின்ஹப்பில் கொஞ்சம் பெரியதாகப் பக்கத்துக்கு 9. ஒன்று பழுதானாலும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். கீழே வெள்ளைத் துணி விரித்துவிட்டுப் பிரித்தால் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துத் தேடும் வேலை மிச்சம்.

கோட்டம் எடுப்பது எனக்கு மிகப் பிடித்த வேலை. வேகமாகச் செய்ய முடியாது என்பதே காரணம். சைக்கிளைக் கவிழ்த்து, சாக்பீஸை ஃபோர்க்கில் ஊன்றி ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினால், வெளியே தள்ளிய இடத்தில் மட்டும் கோடு விழும். அதற்கு முன் ஒவ்வொரு ஸ்போக்ஸையும் நகத்தால் மீட்டிப் பாருங்கள். நல்லது 'ணங்' என்று ஒலிக்கும், தளர்ந்தது 'தொப்' என்று ஊமையாக இருக்கும். பலநேரம் அந்த ஊமைக் கம்பியை மற்றவற்றின் சுருதிக்குக் கொண்டுவந்தாலே கோட்டம் பாதி போய்விடும். மிச்சத்துக்கு, ரிம் இடதுபக்கம் தள்ளியிருந்தால் அந்த இடத்தில் வலதுபக்கக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, இடதுபக்கக் கம்பிகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒருபோதும் போகாதீர்கள். கம்பியை ரிம்மில் பிடித்திருக்கும் குட்டி நட்டான நிப்பிளின் மரை சாதாரண மரைதான், ஆனால் அதன் தலை டயர் பக்கம் இருப்பதால் ஹப் பக்கமிருந்து பார்க்கும் நமக்கு இறுக்கும் திசை தலைகீழாகத் தெரியும். இதில் ஏமாந்து ஒரு சின்னக் கோட்டத்தைப் பெரிய எட்டாக்கியவர்கள் அதிகம். துரு ஏறிய நிப்பிளுக்கு முதல்நாளே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள்.

வழியில் ஸ்போக்ஸ் உடைந்தால், பெரும்பாலும் பின்சக்கரத்தின் செயின் பக்கத்தில்தான், அதை அடுத்த கம்பியோடு சுற்றிக் கட்டி, பிரேக்கைத் தளர்த்திவிட்டு, மெதுவாக வீடு வந்து சேருங்கள்.

"ஹேண்டில்ல லொடக்"

முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் தண்டு சுழலும் கழுத்துக் கப்பில் விரலை வைத்தால் அசைவு தெரியும். மேல்நட்டைத் தளர்த்தி, கப்பைக் கொஞ்சம் இறுக்கி, நட்டைப் பூட்டுங்கள். புதிய வகையில் உச்சியில் இருக்கும் ஒற்றைப் போல்ட் இறுக்கத்தைச் சரிசெய்ய மட்டும்தான். பக்கத்துப் போல்ட்டுகளைத் தளர்த்தாமல் அதைத் திருகுவதில் பயனில்லை. ஹேண்டில் நேராக வந்ததும் ஒரு பள்ளத்தில் விழுந்தது போல் நின்றுகொண்டால் கப்பில் பால்ரஸ் குழி போட்டுவிட்டது, கப்பை மாற்ற வேண்டும்.

"கியர் ஏற மாட்டேங்குது"

பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் பின் டிரெய்லியரின் (செயினைப் பல் மாற்றித் தள்ளும் கருவி) கேபிள் முனையில் இருக்கும் உருளைத் திருகை, பின்னாலிருந்து பார்த்து, அரைச் சுற்றுக்குக் குறைவாக இடஞ்சுழியாகத் திருப்புங்கள். சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் வலஞ்சுழி. எச், எல் என்று குறியிட்ட இரண்டு திருகுகளை இதற்காகத் தொடாதீர்கள். அவை செயின் கடைசிப் பல்லைத் தாண்டி விழாமல் தடுக்கும் வேலிகள் மட்டும். வலதுபக்கமாகச் சைக்கிள் விழுந்த பிறகு கியர் கெட்டது என்றால் டிரெய்லியர் தொங்கும் கொக்கி வளைந்திருக்கும், எந்தத் திருகும் அதைச் சரிசெய்யாது.

"உக்காந்தா மட்டும் கிரீச்"

சீட் கம்பத்தை உருவித் துடைத்து, கிரீஸ் தடவித் திரும்பச் செருகுங்கள். கார்பன் கம்பமாக இருந்தால் மட்டும் கிரீஸ் வேண்டாம். சீட்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு கம்பிகள் கவ்வப்படும் இடத்திலும் ஒரு சொட்டு. உருவியதோடு உயரத்தையும் பார்த்துவிடுங்கள்: குதிகாலைப் பெடலில் வைத்து அது அடிமட்டத்தில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம், பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கலாம். கம்பத்தில் கீறியிருக்கும் உச்சவரம்புக் கோடு வெளியே தெரியக்கூடாது.

புதிதாக அடித்த கோட்டர் பின், திரும்ப மாட்டிய பெடல், இழுத்துவைத்த பின்சக்கரம், இவை எல்லாம் முதல் சவாரியில் இன்னும் கொஞ்சம் உட்காரும். இருபது கிலோமீட்டர் ஓட்டியதும் நிறுத்தி, எல்லோரும் தண்ணீர் குடிக்கும் நேரத்தில், அந்த நட்டுகளை மட்டும் இன்னொருமுறை இறுக்கிப் பாருங்கள். 15 ஸ்பேனர் என் பையில் இருக்கும், கேளுங்கள். திருப்பித் தந்துவிடுங்கள், போன முறை வாங்கியவன் இன்னும் தரவில்லை.